அருகம்புல் கட்டில் கறுப்பு விதை... அது என்னன்னு கண்டுபிடிப்பது எப்படி?

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கிய அருகம்புல் கட்டைப் பிரித்து உதறினால் மண், காய்ந்த சருகு, கூடவே நாலைந்து விதைகள் விழும். பூஜைக்கு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. மிச்சப் புல்லை மறுநாள் மிக்ஸியில் போட்டு ஜூஸ் ஆக்கும் வீடுகளில்தான் சிக்கல்.

ஏன்? பிள்ளையாருக்குச் சாத்தும் 21 வகை இலைகளில் அருகம்புல்லோடு நாயுருவியும் ஊமத்தையும் உண்டு. பெரும்பாலும் எல்லாம் ஒரே பையில்தான் வீட்டுக்கு வரும். இதில் ஊமத்தையின் இலை, விதை எல்லாமே விஷம். வாய் வறண்டு, கண் பாவை விரிந்து, ஆள் பிதற்ற ஆரம்பித்துவிடுவார்.

விதைப் பரிசோதனைக் கூடங்களில் ஒரு மாதிரியை நான்காகப் பிரிப்பார்கள்: சுத்தமான விதை, பிற பயிர் விதை, களை விதை, தூசு தும்பு. வீட்டிலும் இதைச் செய்யலாம். வெள்ளைத் தாள், பூதக்கண்ணாடி, ஸ்கேல் போதும்.

அருகம்புல்லின் கதிர்கள் விரல் விரித்த மாதிரி இருக்கும். விதை உமியோடு சேர்த்தே 2 மி.மீ. சுற்றுவட்டம்தான், வைக்கோல் நிறம். கோரை விதை மூன்று பட்டையாக இருக்கும். தண்டை உருட்டினாலும் முக்கோணம் தட்டுப்படும். நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொண்டே வரும், அதற்கு லென்ஸே வேண்டாம். தட்டையாக, சிறுநீரக வடிவில், மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் ஊமத்தையாக இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தாலும் அந்தக் கட்டு ஜூஸுக்கு வேண்டாம்.

குட்டியாக, கறுப்பாக, இரு பக்கமும் வெளிறிய சிறகு போல ஒட்டியிருந்தால்? பார்த்தீனியம். தோல் அரிப்பு, மூச்சிரைப்புக்குப் பேர்போன செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களில் புனேயில் கவனத்துக்கு வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது. மெட்ராஸ் நகரத்துப் பூக்கும் தாவரங்களை பி.வி.மயூரநாதன் பட்டியலிட்டு, எழும்பூர் அருங்காட்சியக வெளியீடாக நூல் வந்தது 1929-ல். அருமையான வேலை. ஆனா காலி மனைகளில் இன்று முளைப்பதை அதோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது.

விதையை மட்டும் போட்டோ எடுத்து ஆப்பில் போட்டால் பெரும்பாலும் குழப்பம்தான் மிஞ்சும். இலையும் பூவும் இருந்தால்தான் அடையாளம் உறுதியாகும். அதனால் சந்தேகம் தீரவில்லை என்றால் முளைக்க விடுங்கள். சின்னத் தொட்டியில் ஈரமண், மேலே விதை, பக்கத்தில் தேதி எழுதிய சீட்டு. ஒற்றை இலையோடு வந்தால் புல் அல்லது கோரை. இரட்டை இலையோடு வந்தால் வேறு ஏதோ ஒன்று. ஊமத்தையும் பார்த்தீனியமும் இந்த ரகம்தான்.

வந்தது பார்த்தீனியம் என்றால் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிட வேண்டும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும்.