கால் கடுக்க நிற்பவர்களுக்கு ஒரு ஸ்டூல்

ஜவுளிக்கடையில் நமக்குப் புடவை பிரித்துக் காட்டும் பெண்ணின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பாதத்தைச் செருப்பிலிருந்து உருவி மற்றதன் மேல் வைத்திருப்பார். சற்று நேரத்தில் கால் மாற்றுவார். இரவு வீடு திரும்பி, வீங்கிய முன்னங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அது நிரம்பச் சற்று நேரமாகும்.

காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்கு ஏறியாக வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது; ஏறியது இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் இந்தப் பம்பு ஓய்ந்துவிடும். அப்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடந்தால் 30க்கும் கீழே இறங்கும். ஆக, நடையைவிட நின்ற இடத்திலேயே நிற்பதுதான் காலைக் கெடுக்கிறது.

வருடக்கணக்கில் இப்படி நின்றால் சிரைகள் விரிந்து, வால்வுகள் இறுக மூடாமல் போகும். தோலுக்கடியில் நீலநிறத்தில் சுருண்டு புடைக்கும். நாம் அதை ‘நரம்புச் சுருட்டு’ என்கிறோம். உண்மையில் அது ரத்தக்குழாய். கவனிக்காமல் விட்டால் கணுக்காலின் உட்புறம் கறுத்து, அரித்து, எளிதில் ஆறாத புண்ணாகும். வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழிப்பவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ 1.8 மடங்கு என்று 2005இல் வெளியான 12 ஆண்டு டென்மார்க் ஆய்வு சொல்கிறது. காலோடு முடிகிற பிரச்சினையும் அல்ல இது. கனடாவின் ஒன்ராறியோவில் 7,320 தொழிலாளர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட நின்று வேலை செய்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து சுமார் இரு மடங்காக இருந்தது.

நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை வர எத்தனை காலம்! கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடி, 2018இல் கேரளத்தில் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021இல்தான் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பது இந்தச் சட்டத்தை மதிப்பதாகாது.

ஊழியர்களும் நிற்கும் இடத்திலேயே அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்கலாம். நாலடி நடந்து வரலாம். படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். கால் கறுத்தாலோ புண் வந்தாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, உங்களைக் கண்டு ஸ்டூலிலிருந்து பதறி எழும் பெண்ணிடம், “உட்காரும்மா, மெதுவா எடுத்துக் காட்டு” என்று முதலாளி காதில் விழும்படியே சொல்லுங்கள்.