படக்கருவியோடு ஆடுதல்: பல்கலைக்கழக வகுப்பறையில் நடனப்படம்

நடனத்தைப் படம்பிடிப்பது நமக்குப் புதிதன்று. அரங்கேற்றம் நடைபெறும் மண்டபத்தின் பின்வரிசையில் முக்காலி மீது ஒரு படக்கருவி நிற்கும். அலாரிப்பு முதல் மங்களம் வரை அது அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அப்பதிவு குடும்பத்தாரின் கைக்கு வரும். உறவினர் ஒருமுறை காண்பர். பிறகு அலமாரிக்குள் போய்விடும். அதனால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. எந்த அடவு எங்கே தளர்ந்தது என்று ஆசிரியர் கண்டு திருத்துவதற்கு அதைவிட நல்ல துணை வேறில்லை. ஆயினும் அது நடந்த ஒன்றுக்குச் சான்று, அவ்வளவே. இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள் வேறு. படக்கருவியும் படத்தொகுப்பும் இல்லாவிடில் நிகழவே முடியாத நடனம் ஒன்று உண்டு. அதனை நடனப்படம் என்கிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. மாணவர்கள் ஒரு பருவம் முழுதும் சிறு படங்களை எடுத்துப் பழகுகிறார்கள். இறுதியில் அவற்றைப் பிறர் முன் திரையிடுகிறார்கள்.

அந்நாட்டில் நடனம் பல்கலைக்கழகத்திற்குள் உடற்கல்வியின் வாயிலாக நுழைந்தது. 1926ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அதனைப் பட்டப்படிப்பாக்கியது. திரைப்படமோ அதற்கு முன்பே நடனத்தைத் தேடிப் போயிருந்தது. 1890களில் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் எடுக்கப்பட்ட மிகச் சிறு படங்களுள், அகன்ற ஆடையைச் சுழற்றி ஆடும் அன்னபெல் என்ற நங்கையின் படமும் ஒன்று. வண்ணப்படச் சுருள் இல்லாத அக்காலத்தில் ஒவ்வொரு படச்சட்டத்திற்கும் கையால் வண்ணம் தீட்டினர். பின்னர் ஹாலிவுட்டில் இருவேறு போக்குகள் எழுந்தன. பிரெட் அஸ்டேர் தம் உடல் உச்சி முதல் பாதம் வரை சட்டத்திற்குள் தெரியவேண்டும், வெட்டுகள் மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பஸ்பி பெர்க்லியோ படக்கருவியைக் கூரைக்கு ஏற்றினார். ஆடுவோர் ஒரு பூவின் இதழ்களாயினர். ஒருவர் ஆடுபவரை நம்பினார். மற்றவர் கருவியை நம்பினார். இன்றும் ஒரு வகுப்பில் மாணவர்கள் எடுக்கும் படங்களை வரிசையாகப் பார்த்தால் இவ்விரு போக்குகளும் அவற்றில் மாறிமாறித் தலைகாட்டும்.

இவ்விரண்டையும் கடந்த படம் 1945இல் வந்தது. கீவ் நகரில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்காவிற்குக் குடியேறிய மாயா டெரன் எடுத்த அப்படம் மூன்று நிமிடங்கள்கூட ஓடாது, ஒலியும் கிடையாது. ஆடுபவர் ஒருவரே. அவர் டாலி பீட்டி என்னும் நடனக் கலைஞர். மரங்கள் அடர்ந்த காட்டைப் படக்கருவி மெல்லச் சுற்றிப் பார்க்கிறது. அங்கே பீட்டி நிற்கிறார். கருவி அவரைக் கடந்து செல்கிறது. சற்றுத் தூரத்தில் மீண்டும் அவரே நிற்கிறார், மீண்டும் கடக்கிறது, மீண்டும் அவரே. பிறகு அவர் காட்டில் காலைத் தூக்குகிறார். அக்கால் ஒரு வீட்டு அறையின் தரையில் இறங்குகிறது. இந்த ஓர் அசைவைப் பலமுறை நிறுத்திப் பார்க்குமாறு மாணவர்களுக்குச் சொல்வேன். எந்த மேடையிலும் எந்த உடலாலும் செய்யமுடியாத அடி அது. காட்டில் எடுத்த துண்டின் கடைசிப் படமும் அறையில் எடுத்த துண்டின் முதற்படமும் ஒட்டப்பட்ட இடத்தில்தான் அவ்வடி இருக்கிறது. ஆடியவர் பீட்டி, அசைவை முடித்துவைத்தது கத்தரிக்கோல். தம் படத்தின் தலைப்பிலேயே படக்கருவிக்கான நடன அமைப்பு பற்றிய ஆய்வு இது என்று டெரன் அறிவித்துவிட்டார். நடனப்படப் பாடத்தில் பெரும்பாலும் முதலில் திரையிடப்படும் படமும் இதுவே.

பாடம் எப்படி நடக்கிறது? வகுப்புக்கு வகுப்பு முறை மாறினாலும், எளிய பயிற்சிகளிலிருந்து தொடங்குவது பொதுவான வழக்கம். வெட்டே இல்லாமல் ஒரே எடுப்பில் ஒரு நிமிடப் படம் எடுப்பது அவற்றுள் ஒன்று. ஆடுபவர் அசையலாம், கருவி அசையலாம், இரண்டும் அசையலாம், நிறுத்தக்கூடாது. ஒரு நிமிடம் எத்தனை நீளமானது என்பதை மாணவர் அப்போதுதான் உணர்கின்றனர்.

அடுத்து வரவேண்டியது இடம் பற்றிய பாடம். நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1970களில் சார்ல்ஸ் அட்லஸ் என்ற படைப்பாளருடன் இணைந்து படக்கருவிக்கென்றே நடனங்களை அமைத்தார். அவர் கண்டுகொண்ட அடிப்படை இது. நாடக மேடை பார்வையாளர் பக்கம் அகன்றிருக்கும். உள்ளே போகப்போகக் குறுகும். படக்கருவியின் பார்வை இதற்கு நேர்மாறு. கண்ணாடி வில்லைக்கு அருகில் அது ஒரு முனையாகத் தொடங்கித் தொலைவில் விரிகிறது. ஆகவே கருவிக்கு அருகில் ஆடுபவர் பக்கவாட்டில் ஓரடி வைத்தாலே சட்டத்தைவிட்டு மறைந்துபோவார். தொலைவில் நிற்பவர் பத்தடி நடந்தாலும் சட்டத்திற்குள்ளேயே இருப்பார். மேடையில் முன்னோக்கி வரும் நடை படிப்படியாகத் தெரியும். படத்தில் அதே நடை திடீரென்று பேருருவாகும். இதனைச் சொல்லி விளக்குவதைவிட, தரையில் ஒட்டுநாடாவால் அந்த முக்கோணத்தை வரைந்து மாணவரை உள்ளே ஆடவிடுவது எளிது. நம் சூழலில் இதற்குத் தனிக் கூடம் தேடவேண்டியதில்லை. கடைவரிசைகளின் ஐந்தடி நடைபாதையும், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளமும், ரப்பர் மரங்கள் வரிசைபிடித்து நிற்கும் தோட்டமும் கண்ணுக்கு முன்னே அம்முக்கோணத்தை வரைந்து காட்டும்.

பரதநாட்டியம் பயின்ற மாணவர் இவ்வகுப்பிற்கு வந்தால் தனியான ஓர் இக்கட்டு எழுகிறது. நம் ஆட்டத்தில் கையும் கண்ணும் காலும் ஒரே கணத்தில் பேசுகின்றன. அண்மைக்காட்சியில் முகத்தைக் காட்டினால் முத்திரை வெளியே போய்விடும். முத்திரையைக் காட்டினால் பாதத்தின் சொற்கட்டு காணாமற்போகும். கை செல்லும் இடத்தைக் கண் தொடர்வது அபிநயத்தின் உயிர் எனில், அவ்விரண்டையும் வேறுவேறு துண்டுகளாக்குவது எளிதில் செய்யத்தக்க காரியமன்று. இங்கு ஆசிரியர்கள் கொள்ளும் தயக்கம் நியாயமானது என்றே கருதுகிறேன். முழு உருவத்தையும் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் மாணவர் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்விக்கட்டை நேரில் எதிர்கொண்ட ஒரு படம் நம்மிடமே உள்ளது. 1976ஆம் ஆண்டில் சத்யஜித் ராய், த. பாலசரஸ்வதியைப் பற்றி ‘பாலா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பாலசரஸ்வதிக்கு அப்போது வயது 58. 1962இலேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் அவர். அங்குள்ள கல்வி உலகிற்குத் தஞ்சை மரபின் அபிநயத்தை நேரில் கொண்டுசேர்த்தவர். ராயின் படத்தில் வர்ணம் ஆடப்படும் பகுதியில் படக்கருவி அடக்கமாகவே நின்று பார்க்கிறது. மற்றொரு பகுதியில், கண்ணனை அழைக்கும் புகழ்பெற்ற கன்னடப் பாடலுக்கு அவர் கடற்கரையில் ஆடுகிறார். காற்று அவருடைய சேலையை அலைக்கழிக்கிறது. அது அபிநயத்திற்கு இடையூறு என்பாரும் உண்டு. மாணவர்க்கோ அப்பகுதி நல்ல விவாதப் பொருள்: இடத்தை மாற்றியபோது நடனத்திற்கு என்ன வந்து சேர்ந்தது, என்ன போயிற்று? இவ்வினாவிற்கு வகுப்பில் ஒரே விடை கிடைத்தால் படத்தை மீண்டும் போட்டுக்காட்டுவது நல்லது. இன்னும் முன்னே செல்ல விரும்புவோர் உதயசங்கர் சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்து 1948இல் வெளியிட்ட ‘கல்பனா’வைப் பார்க்கலாம். நடனத்தையே கதையின் மொழியாகக் கொண்ட முழுநீளப் படம் அது.

காலம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இன்றைய கைப்பேசிகள் பல நொடிக்கு 240 படங்களை எடுக்கவல்லவை. அவற்றை நொடிக்கு 30 படங்களாக ஓட்டினால் ஒரு நொடி அசைவு எட்டு நொடிகளாக நீளும். இளையோர்க்கு இதில் பெருவிருப்பம். ஆனால் வேகம் குறைக்கப்பட்ட காட்சி, நாம் அறிந்த முதற்காலம் ஆகாது. முதற்காலத்தில் ஆடுபவர் தம் எடையைத் தாமே தாங்கிப் பிடித்து மெல்ல நகர்கிறார். அரைமண்டியின் வலி அதில் இருக்கிறது. மூன்றாங்காலத்தில் ஆடியதைக் கருவி நீட்டிக்காட்டும்போது உடல் எடையற்று மிதக்கிறது. பாதம் தரையைத் தொடும் ஓசையும் தாளமும் அங்கே சிதறிவிடுகின்றன. மிதப்பது வேண்டுமா, தாங்குவது வேண்டுமா என்று முன்னரே முடிவு செய்துகொண்டு எடுக்கும் மாணவர் மிகச் சிலரே. படத்தொகுப்பிலும் இதே சிக்கல் உண்டு. ஒவ்வொரு சமத்திலும் வெட்டினால் மூன்றாவது ஆவர்த்தனத்திலேயே பார்ப்பவர் வெட்டை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். மிருதங்கம் எப்போதும் சமத்தில் மட்டுமே அடிப்பதில்லை என்பதை நினைவூட்டினால் நம் மாணவர்க்கு உடனே விளங்கும்.

இனித் திரையிடல். இதனைப் பரிசளிப்பு விழாபோல் கருதுவது தவறு. பாடத்தின் சரிபாதி இதுவே. கைப்பேசியில் விரல் நகமளவு தெரிந்த முகம் இருண்ட அரங்கில் ஆளுயரம் ஆகிறது. தொகுத்தபோது விரைவாகத் தோன்றிய ஐந்து நொடிகள் நூறு பேர் நடுவே நீண்டுகொண்டே போகின்றன. எங்கே இருமல் எழுந்தது, எங்கே அரங்கம் அசைவற்றுப்போனது என்பதைப் படைத்தவர் இருட்டில் உட்கார்ந்து கேட்கிறார். எந்த மதிப்பெண்ணும் கற்பிக்காத பாடம் அது.

திரையிட்ட பின் பேசும் முறையும் கற்கத்தக்கது. நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990களில் உருவாக்கிய கருத்துரை முறை அமெரிக்கக் கலை வகுப்புகளில் பரவலாகக் கையாளப்படுகிறது. அதற்கு நான்கு படிகள். படத்தில் தம் மனத்தில் நின்றதைப் பார்த்தோர் முதலில் சொல்வர். அடுத்து, படைத்தவர் தம் ஐயங்களை அவர்களிடம் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தோர் வினா எழுப்புவர். அவ்வினாவிற்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. ‘ஏன் இவ்வளவு இருட்டாக எடுத்தீர்கள்?’ என்பது வினாவின் வடிவில் வந்த குறை. ‘ஒளியை எப்படித் தேர்ந்தீர்கள்?’ என்பதே வினா. நான்காவது படியில்தான் கருத்துக் கூறலாம். அதுவும் இன்னதைப் பற்றி ஒரு கருத்து உண்டு, கேட்க விருப்பமா என்று படைத்தவரின் இசைவைப் பெற்றபிறகே. குறையைச் சுட்டுவதிலிருந்தே தொடங்கிப் பழகிவிட்ட நம் வகுப்பறைக்கு இது செயற்கையாகத் தோன்றும். கட்டுரை வகுப்பில் ஒருமுறை செய்து பார்த்தாலும் போதும். மூன்றாம் படியில் நாமே எத்தனை முறை இடறுகிறோம் என்பது தெரிந்துவிடும்.

திரையிடலுக்கு முன் தீர்க்கவேண்டிய காரியங்கள் இரண்டு. முதலாவது இசை. திரைப்பாடலைப் படத்தில் சேர்த்துப் பொதுவில் திரையிட உரிமையாளரின் இசைவு வேண்டும். ஆதலால் சலங்கை ஒலியையும் நட்டுவாங்கத்தையும் மாணவரே பதிவுசெய்து பயன்படுத்துவது நன்று; டெரனைப்போல் ஒலியே இல்லாமல் விடுவதும் ஒரு வழி. இரண்டாவது, ஆடியவரின் இசைவு. மேடையில் ஆடுபவர் தம் உடல் எப்படிக் காணப்படவேண்டும் என்பதை ஓரளவேனும் தாமே ஆள்கிறார். படத்தில் அந்த ஆட்சி தொகுப்பவர் கைக்குப் போய்விடுகிறது. மூன்று மணி நேரம் வெயிலில் ஆடிய மாணவி, முடிந்த படத்தில் தம் முகமே இல்லை, பாதம் மட்டுமே உண்டு என்பதை அரங்கில் எல்லாரோடும் சேர்ந்து முதன்முறையாகக் காண நேரலாம். அல்லது தாம் விரும்பாத கோணத்தில் தம்மைக் காணலாம். எனவே படம் எங்கெங்கே காட்டப்படும், இணையத்தில் ஏற்றப்படுமா, ஏற்றினால் எவ்வளவு காலம் இருக்கும் என்பவற்றைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். மாணவர் பதினெட்டு வயதிற்குக் குறைந்தவராயின் பெற்றோர் கையொப்பமும் வேண்டும். தொகுப்பு முடிந்ததும் படத்தை முதலில் ஆடியவருக்குக் காட்டவேண்டும். அவர் ஒரு துண்டை நீக்கச் சொன்னால் அதற்கும் நேரம் இருக்குமாறு, திரையிடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே காட்டிவிடுவது நல்லது.