சிமெண்ட்டில் சாம்பல் – கலப்படமா?



போன மாதம் பேளுக்குறிச்சி சந்தையில், குழுக்கடன் வாங்கி வீடு கட்டும் ஒரு அக்கா என்னை நிறுத்தினார். "ஏனுங்க மேடம், சிமெண்ட் மூட்டையில சாம்பல் கலந்ததுன்னு எழுதியிருக்குதாம், எம் மவன் படிச்சுச் சொன்னான். கொத்தனாரும் இது வேண்டாங்கிறாரு. கடைக்காரரு ஏமாத்திப்புட்டாருங்களா?" தளம் போட 40 மூட்டை இறக்கியாச்சு. முகத்தில் கவலை நன்றாகவே தெரிந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. அதன் பெயர் பி.பி.சி. சிமெண்ட். இன்று கடைகளில் அதிகம் விற்பதே இதுதான்.

இந்தச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் அல்ல. மேட்டூர் அனல் மின் நிலையம் உங்களுக்குத் தெரியும். 1987-ல் உற்பத்தி தொடங்கிய இடம். அங்கே நிலக்கரியை மாவு போல அரைத்து எரிக்கிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல்தான் மிஞ்சும். அதில் பெரும்பகுதி புகையோடு பறக்கும். அதை மின்சாரக் கருவி வைத்துப் பிடிக்கிறார்கள். இதுதான் உலர் சாம்பல். முகப்பவுடர் மாதிரி அவ்வளவு நைசாக இருக்கும். முன்பெல்லாம் தண்ணீரில் கரைத்துக் குட்டையில் விட்டார்கள். காய்ந்ததும் காற்றில் பறந்து வயலிலும் வீட்டிலும் படியும். 1999-ல் மத்திய அரசு, இதைச் சிமெண்ட், செங்கல் போன்றவற்றுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவிக்கை போட்டது.

சரி, சாம்பல் எப்படிப் பிடிக்கும்? சிமெண்ட்டில் தண்ணீர் ஊற்றியதும் அது இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வெளியே வரும். அந்தச் சுண்ணாம்பால் பலம் ஒன்றும் இல்லை. பிற்பாடு தண்ணீரில் கரைந்து வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். உலர் சாம்பலில் உள்ள மணல் சத்து இந்தச் சுண்ணாம்பைப் பிடித்து இன்னொரு பசையாக மாற்றிவிடுகிறது. இடுக்குகள் அடைபடும், ஈரம் இறங்குவது குறையும். ரோமாபுரிக்காரர்கள் எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கட்டியது இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நிற்கிறது. இதுவும் அதே விஷயம்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட்டுத்தான் சிமெண்ட் செய்கிறார்கள். சாம்பல் சேரும் அளவுக்குக் கல்லும் மிச்சம், எரிபொருளும் மிச்சம், புகையும் குறைவு.

ஆனால் கொத்தனார் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தச் சிமெண்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அரசுத் தர விதிப்படி 28-ம் நாளில் குறைந்தது 33 அளவு பலம் வேண்டும் என்றால், 7-ம் நாளில் 22 இருந்தாலே போதும். மீதி பின்னால்தான் வரும். அதுவும் ஈரம் இருந்தால்தான் வரும். சாதா சிமெண்ட்டுக்கு 7 நாள் தண்ணீர் விட்டால் போதும் என்கிறது விதி. இதற்குக் குறைந்தது 10 நாள், நம் ஊர் வெயிலுக்கு 14 நாள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கவும் அவசரப்படாதீர்கள். வாடகை ஏறுதேன்னு முட்டை உருவச் சொன்னால், இன்ஜினியரைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம். தண்ணி விடுற வேலை எப்படியும் நம்ம தலையில்தானே விழுது! அதை ஒரு வேலையாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் தளத்தின் பலமே அதில்தான் இருக்கிறது.

வாங்கும்போது மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 1489 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரைதான் இருக்கலாம். தயாரித்த வாரம், மாதம், ஆண்டும் போட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் வேண்டாம். மலை அடிவாரத்து ஈரத்தில் மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், பலகை மேல் அடுக்குங்கள். "சாம்பல் நல்லதுதானே, லாரியில் வாங்கி நாமே கலந்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆலையில் பரிசோதித்து, அளவு பார்த்துக் கலப்பது வேறு. கட்டுமிடத்தில் மண்வெட்டியால் கலப்பது வேறு. பின்னதுதான் கலப்படம்.

அக்கா மூட்டைகளைத் திருப்பி அனுப்பவில்லை. தளம் போட்டு, நான் இதை எழுதும் இன்று 9 நாள் ஆகிறது. காலையில் போனில் கேட்டேன். "பாத்தியில தண்ணி வத்தவே உடலீங்க. கொத்தனாரு போதும்னாரு, நாந்தான் இன்னும் அஞ்சு நாள் இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்" என்றார்.