பாமாயில் டின்னும் நான்கு வருடத் தவணையும்

செவ்வாய்ப்பேட்டையில் சரக்கெடுக்கும் நமக்கு 15 நாள் தவணை பழக்கம். மிஞ்சினால் ஒரு மாதம். எண்ணெய்ப்பனை நடும் விவசாயிக்கோ மூன்று, நான்கு வருடம் கழித்துத்தான் முதல் குலை. பிறகு 25 வருடம் வெட்டலாம். ஒரு வருடப் பயிர்க்கடன் இதற்கு எந்த மூலைக்கு?

அது விவசாயி பாடு என்று நாம் இருந்துவிட முடியாது. நாட்டில் செலவாகும் பாமாயிலில் மிகப் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி மே 23-ல் திறந்தது. அதுவரை டின் விலை சொல்லவே தயங்கினோம்.

அங்கே தோட்டப் பரப்பில் சுமார் 40 சதவீதம் சிறு விவசாயிகளுடையது. அவர்கள் கிழட்டு மரங்களை வெட்டி மறுநடவு செய்ய, ஏற்றுமதி எண்ணெய் மீது தீர்வை வசூலித்து, 2015-ல் ஏற்படுத்திய நிதியிலிருந்து மானியம் தருகிறார்கள். (பெரும்பங்கு பயோடீசலுக்குப் போய்விடுவது வேறு கதை.) ஆக, அந்த மறுநடவில் நம் வாடிக்கையாளர் காசும் இருக்கிறது.

நம் மத்திய அரசு 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. கன்றுக்கு ஹெக்டேருக்கு 29,000 ரூபாய்; முதல் நான்கு வருடப் பராமரிப்புக்கும் ஊடுபயிருக்கும் உதவி. குலை விலை, கச்சா பாமாயில் விலையில் 14.3 சதவீதம், நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் வித்தியாசம் விவசாயியின் கணக்கில் சேரும். இந்த ஈடு அவசியம். கச்சா பாமாயில் அடிப்படை இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமானது, 2025 மே இறுதியில் 10 ஆனது. டின் விலை இறங்கினால் நமக்குச் சந்தோஷம். குலை விலையும் கூடவே இறங்கும்.

ஆனால் மானியம் குடும்பத்தை நடத்தாது. அந்த நான்கு வருட மளிகைப் பாக்கி நம் நோட்டில்தான் ஏறும்.

கரும்பு விவசாயிகளுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு: ஆலை மூலம் கடன், கரும்புப் பணத்தில் பிடித்தம். குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு ஒரே கம்பெனி. மண்டியைப் போல நாலு இடத்தில் விலை கேட்க முடியாதது விவசாயிக்குக் கஷ்டம்தான். வங்கிக்கு அதுவே உத்தரவாதம். நான்கு வருடம் தவணை கேட்காமல், பிறகு குலைப் பணத்தில் பிடிக்கும் முத்தரப்பு ஒப்பந்தம்தான் நமக்குச் சரியாகப் படுகிறது.

கோடையில் மரத்துக்குத் தினம் 200 லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஆகவே மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரையில் மட்டும் யோசிக்கலாம். போர்வெல்லை நம்பிய மேட்டுநிலத்துக்கு ஆகாது. நம்மிடம் பற்றுவரவு வைத்திருக்கும் விவசாயி யாராவது யோசனை கேட்டால், கொள்முதல் நிலையம் எவ்வளவு தூரம், பணம் எத்தனை நாளில் வரும் என்பதை நடுமுன்பே கம்பெனியிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.