ஒளி பிளந்த மூலக்கூறு

ஹைட்ரஜனும் குளோரினும் கலந்த குடுவையை இருட்டில் வைத்தால் ஒன்றும் நிகழாது. வெயிலில் காட்டினால் வெடிக்கும். இதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். குளோரின் மூலக்கூறின் இரு அணுக்களைப் பிரிக்க ஒரு மோலுக்குச் சுமார் 243 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நீல ஒளிக்கு அந்த வலிமை உண்டு. சிவப்பு ஒளியை எவ்வளவு பாய்ச்சினாலும் பயனில்லை.

பௌதிக வேதியியல் வகுப்பில், பிரிந்த அணுவைக் காட்டக் குறியீட்டின் அருகே ஒரு புள்ளி வைப்பார்கள். நொடியில் மறையும் இத்தகைய துணுக்குகளை யார் கண்டார்கள் என்பதே என் ஐயம். அதற்கு விடை தேடியபோதுதான் ஜார்ஜ் போர்ட்டரைப் பற்றிப் படித்தேன்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் ரேடார் அதிகாரியாக இருந்தவர் போர்ட்டர். போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் சென்று, பேராசிரியர் நோரிஷிடம் ஆராய்ச்சி மாணவரானார். அங்கே பெரிய விளக்குகளைத் தொடர்ந்து எரித்து மூலக்கூறுகளை உடைத்துக் கொண்டிருந்தார்கள். ஆனால் துணுக்குகள் பிறந்த வேகத்திலேயே அழிந்ததால், எந்த நேரத்திலும் கண்ணுக்குச் சிக்கும் அளவுக்குச் சேரவில்லை. ரேடாரில் துடிப்பு அலைகளோடு பழகியவருக்கு வேறு வழி தோன்றியது. மின்தேக்கிகளில் சேமித்த மின்சாரத்தை வாயு நிரம்பிய விளக்கில் ஒரே வீச்சில் பாய்ச்சினார். அந்த ஒரு பளிச்சிடலில் மூலக்கூறுகள் கூட்டமாக உடைந்தன. சிறிது நேரம் கழித்து இரண்டாவதாக ஒரு சிறு மின்னொளி. அது துணுக்குகளின் நிறமாலையைப் படம்பிடித்தது. இடைவெளியை மாற்றி மாற்றிப் படமெடுத்தால் துணுக்கின் வாழ்நாளே தெரிந்துவிடும்! 1949இல் வெளியான இம்முறைக்குப் பிளாஷ் ஃபோட்டாலிசிஸ் என்று பெயர். ‘மின்னொளிப் பகுப்பு’ எனலாமா? தமிழ்த்துறை நண்பர்கள் சொல்லட்டும். 1967இல் நோபல் பரிசில் பாதி இவ்விருவருக்கும், மறுபாதி ஜெர்மனியின் ஐகனுக்கும் கிடைத்தது.

அவர் செய்த சோதனைகளில் என்னை மிகவும் கவர்ந்தது குளோரினும் ஆக்சிஜனும் கலந்த குழாய்தான். ஒளி பாய்ச்சுவதற்கு முன்னும் அதில் குளோரின், ஆக்சிஜன், பின்னும் அவையே. வேதிவினையே இல்லை என்று எந்த வேதியியலாரும் சத்தியம் செய்வார். ஆனால் இடையில் சில மில்லிநொடிகள் குளோரின் மோனாக்சைடு என்னும் புதிய துணுக்கு தோன்றி மறைந்ததை நிறமாலை காட்டியது.

1950களின் தொடக்கத்தில் அது வெறும் ஆய்வகச் செய்தி. 1974இல் மொலினாவும் ரோலண்டும், குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து கசியும் குளோரோஃபுளோரோ கார்பன்கள் மேல் வளிமண்டலத்தில் புறஊதா ஒளியால் உடைந்து குளோரினை விடுவிக்கும் என்றும், அது ஓசோனை அழிக்கும் என்றும் எச்சரித்தனர். அந்த அழிவுச் சங்கிலியில் ஒரு கண்ணி இதே குளோரின் மோனாக்சைடுதான். அண்டார்க்டிகாவில் குளிர்கால மேகங்களின் துணையால் சேரும் குளோரின் வாயுவை, வசந்தத்தின் முதல் வெயில் உடைக்கிறது, குழாயில் நடந்ததேதான். 1987 செப்டம்பரில் அங்கே ஆய்வு விமானம் ஒன்று பறந்தது. ஓசோன் குறைந்த இடங்களிலெல்லாம் குளோரின் மோனாக்சைடு மிகுந்திருப்பதை அதன் கருவிகள் பதிவு செய்தன.