பச்சை எழுத்தில் பைல் பெயரா? பார்மட் செய்யும் முன் கவனியுங்கள்!

"சில பைல்களின் பெயர் மட்டும் நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறதே, வைரஸா?" எங்கள் அண்ணாகிராமம் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், நான் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கேட்கும் கேள்வி இது. வைரஸ் இல்லை. ஆனால் பச்சையை அலட்சியப்படுத்தினால் பைலையே இழக்க நேரிடலாம்.

நீலம் என்றால் அந்த பைல் கம்ப்ரஸ் செய்யப்பட்டது. அதாவது இடம் மிச்சமாவதற்காகச் சுருக்கப்பட்டது. பச்சை என்றால் என்கிரிப்ட் செய்யப்பட்டது, அதாவது பூட்டப்பட்டது. இரண்டும் என்.டி.எப்.எஸ். முறையில் பார்மட் செய்த டிரைவில் விண்டோஸ் தரும் வசதிகள். ஒரே பைலில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. ஸிப் பைல் என்பது வேறு; அதற்கு இந்த நிறம் வராது.

நிறம் தெரிய என்ன செய்வது?

கண்ட்ரோல் பேனலில் பைல் எக்ஸ்புளோரர் ஆப்ஷன்ஸ் திறந்து, வியூ டேபைக் கிளிக் செய்யுங்கள். 'ஷோ என்கிரிப்டட் ஆர் கம்ப்ரஸ்டு என்.டி.எப்.எஸ். பைல்ஸ் இன் கலர்' என்ற வரியில் டிக் செய்து ஓகே கொடுங்கள். விண்டோஸ் 10, 11-ல் ஐகானிலும் அடையாளம் உண்டு. எதிரெதிரே இரு நீல அம்புகள் இருந்தால் கம்ப்ரஸ். சிறு பூட்டு இருந்தால் என்கிரிப்ட்.

நீலம்: பயம் வேண்டாம்

நீல பைலைத் திறக்கும்போது விண்டோஸே விரித்துக் கொடுத்துவிடும். டெக்ஸ்ட் பைல்களில் நன்றாக இடம் மிச்சமாகும். எம்.பி.3 பாடல், ஜேபெக் படம் போன்றவை ஏற்கனவே சுருங்கியவை. அவற்றில் பலன் மிகக் குறைவு.

பச்சை: சாவி பத்திரம்!

விண்டோஸ் 2000-ல் அறிமுகமான இ.எப்.எஸ். என்ற வசதிதான் பைலைப் பூட்டுகிறது. ஹோம் எடிஷனில் இந்த வசதி கிடையாது. புரொபஷனல் எடிஷனில் உண்டு. பூட்டுக்கான சாவி உங்கள் யூசர் அக்கவுண்டில் இருப்பதால், பைல் சாதாரணமாகவே திறக்கும். பூட்டு இருப்பதே தெரியாது. விண்டோஸை பார்மட் செய்து புதிதாகப் போட்டால் சாவி அழிந்துவிடும். அதன் பிறகு அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் அக்கவுண்ட் தொடங்கினாலும் பைல் திறக்காது.

எங்கள் கடலூர் மாவட்டத்தில் இது இன்னும் முக்கியம். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களிலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. நனைந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தால், அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்ப்போம். நீல பைல்கள் அங்கே திறக்கும். பச்சை பைல்கள் சாவி இல்லாமல் திறக்காது.

எனவே இப்போதே சாவியை பேக்அப் எடுங்கள். பச்சை பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, டீடெய்ல்ஸ் என வரிசையாகச் சென்று 'பேக்அப் கீஸ்' அழுத்துங்கள். ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, பென் டிரைவில் சேமித்து, தனி இடத்தில் வையுங்கள். பூட்டே வேண்டாம் என்றால், அதே அட்வான்ஸ்டு பகுதியில் 'என்கிரிப்ட் கன்டென்ட்ஸ் டு செக்யூர் டேட்டா' டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாகிரை போன்ற ரான்சம்வேர்களும் பைலைப் பூட்டுபவைதான். அவை தங்கள் சொந்த முறையில் பூட்டியதால் பச்சை நிறம் வரவில்லை. பைல் பெயரின் கடைசியில் புதிய எக்ஸ்டென்ஷன்தான் ஒட்டிக்கொண்டது. அப்படி ஏதாவது கண்டால் உடனே இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். பச்சைக்குச் சாவி உங்களிடம் இருக்கும், அதற்கு இருக்காது.