வலிப்பு நோயும் மனநோயும்

கால்கை வலிப்பு என்னும் பெயர் உலக வழக்கிற் காக்கை வலிப்பெனத் திரிந்தது. பெயரேயன்றி, அந்நோயைப் பற்றிய எண்ணமும் நம்மவரிடைத் திரிந்தே நிற்கின்றது. வலிப்புற்றானைப் பித்தனென்று ஒதுக்குதல் பாமரர் பிழை மட்டுமன்று. இந்து விவாகச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டு புகுந்த திருத்தம், பைத்தியத்தையும் வலிப்பையும் ஒரே தொடரில் வைத்து, அவற்றால் மீண்டும் மீண்டும் பீடிக்கப்பட்டார் மணத்திற்கு உரியரல்லர் என விதித்தது. வலிப்பென்னுஞ் சொல் அத்தொடரினின்று நீங்கியது 1999-ஆம் ஆண்டிலேதான். அங்ஙனமாயின் இவ்விரு நோய்க்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. அது நாம் எண்ணிய வகையினதன்று.

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்னோட்டத்தால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவன. அவற்றுட் பல ஒருங்கே அளவிறந்து கிளர்வதே வலிப்பு. இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதனால் அது அடங்குவதன்று; பெரும்பாலும் ஓரிரு நிமிடத்திற் தானே அடங்கிவிடும்.

இத்தொடர்பினை ஆராய்ந்தோருள் புடாபெஸ்ட் நகரத்து மெடுனா என்பவர் கதை வியப்புடையது. சித்தம் சிதைந்தோர் மூளையையும் வலிப்புற்றோர் மூளையையும் நுணுக்கி ஆராய்ந்த அவர், நரம்பணுக்களைத் தாங்கும் ஒருவகை அணுக்கள் முன்னையதிற் குறைந்தும் பின்னையதில் மிகுந்தும் இருப்பனவாகக் கருதினார். ஆகவே இவ்விரு நோயும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்றை வருவித்தால் மற்றொன்று அகலும் என்று துணிந்து, 1934-ஆம் ஆண்டு, கற்பூரத்தை எண்ணெயிற் கரைத்து ஊசிவழி செலுத்தி, சித்தம் சிதைந்தோர்க்கு வலிப்பை உண்டாக்கினார். நம் நாட்டார் கொளுத்தும் அதே கற்பூரந்தான்! சிலர் தெளிவும் பெற்றனர். 1938-இல் உரோமாபுரியிற் செர்லெட்டியும் பினியும் மருந்திற்கு மாறாக மின்சாரத்தைக் கையாண்டனர். அம்முறை மயக்க மருந்தின் துணையுடன் திருத்தமுற்று, கடுமையான மனச்சோர்வு நோய்க்கு இன்றும் பயன்படுகின்றது. கொள்கையோ நிலைக்கவில்லை, வலிப்புடையாரிடைச் சித்தப்பிரமை மற்றையோரினும் மிகுதியெனப் பின்வந்தோர் அறிந்தனர். ஆயினும் மெடுனா முற்றும் பிழைத்தாரென்று கூற நமக்கு மனமில்லை. வலிப்பு அடங்கி மூளையின் மின்வரைவு சீர்ப்படுங்காலத்தே சித்தம் தடுமாறும் சிலரை லண்டோல்ட் என்பார் 1953-இல் எடுத்துக்காட்டினார்.

தொடர்ந்து பல வலிப்புகள் வந்தபின், ஓரிரு நாள் தெளிந்திருந்து, பின் பிதற்றத் தொடங்குவாரும் உளர். பேய் பிடித்ததென வேப்பிலை தேடுவோர் இதனை அறிதல் நன்று. ஆனால் இவையெல்லாம் அருகியே வருவன. பெருவழக்காய் வருவது மனச்சோர்வு. வலிப்புடையாருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர்க்கு அஃதுண்டு. நாணத்தாலும் வேலையிழப்பாலும் அவர் சோர்கின்றனர் என்பது மெய்யே, முழு மெய்யன்று. மனச்சோர்வு முந்தி வந்தாரிடைப் பின்னர் வலிப்புத் தோன்றுதலும் மிகுதியெனக் கண்டிருக்கின்றனர். வலிப்பே வாராத காலத்தில் வலிப்பால் வந்த நாணம் எங்ஙனம் காரணமாகும்? ஆகவே இரண்டும் மூளையில் ஒரு வேரினின்று கிளைப்பன போலும். மருந்தும் இதிற் பங்குகொள்ளும்: லெவெடிரசெடம் சிலரை எளிதிற் சினங்கொள்ளச் செய்யும்; வால்ப்ரோயேட்டோ வலிப்பையன்றி மனவெழுச்சி நோயையும் தணிக்கும்.

வலிப்பு எத்தனை முறை வந்ததென்று வீட்டார் குறித்து வருவர். மருத்துவரும் அதனையே வினவுவர். உறக்கமற்ற இரவுகளை எவரும் குறிப்பதில்லை. பித்தனென்னும் பெயர்க்கு அஞ்சும் மாணவனோ தன் துயரை வாய்திறந்து கூறான். தற்கொலை இந்நோயுடையாரிடை மற்றையோரினும் மிகுந்திருத்தலை நோக்க, இம்மௌனம் சிறு பொருளன்று. அமெரிக்க மருத்துவர் சிலர் இதற்கென ஆறு வினாக்களே கொண்ட தாளொன்றை வகுத்து 2006-இல் வெளியிட்டனர். அதனை நிரப்புதற்கு மூன்று நிமிடம் போதும்.